கம்பெனி கொடுத்த அண்ணன்

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் அந்தக் கம்பெனியில், பணியாளர் அதிகாரிக்குக் குடும்பஸ்தர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள்; நேரில் சொன்னாலும் சந்தோஷப்பட்டிருப்பார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கூடப் பிறந்த தங்கையோடு ஒரு சுவர்த் தகராறில் பேச்சை நிறுத்தியவர். ஆனால் கம்பெனிக்குள் அவர் உண்டாக்கிய உறவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வம்சமே தேறும்.

டைம் ஆபீசில் குமாஸ்தாவாக நுழைந்த மனுஷன். அப்போது பேக்கிங் பெண் ஒருத்தி, ஸ்டோர்கீப்பர் கையைப் பிடித்து இழுத்ததாக அழுதுகொண்டு வந்தாள். மேலே இருந்தவர்கள் விழித்தார்கள். இவர் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "நீ இனிமே இவர அண்ணானு கூப்பிடும்மா. நீங்க தங்கச்சினு கூப்பிடுங்க. முடிஞ்சு போச்சு" என்றார். முடிந்துதான் போனது. சம்பளம் வாங்கிய கையோடு அந்தப் பெண் வேலையை விட்டாள். முதலாளி இவருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை கொடுத்தார்.

சட்டத்துக்குக் குறை வைக்கவில்லை. புகார்க் குழு என்று படிக்கட்டு ஓரத்தில் பலகை தொங்குகிறது. குழுத் தலைவி கணக்குப் பிரிவு அம்மா. தான் தலைவி என்பதை அந்த அம்மாவே பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்.

இந்தக் குடும்பஸ்தரிடம்தான் கீறல் பார்க்கும் பெண் வந்து நின்றாள். கீறல் பார்ப்பவர்கள் ஆளுக்கொரு தடுப்புக்குள், கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, ஒற்றை விளக்குக்கு எதிரே லென்ஸைச் சாய்த்துச் சாய்த்து, மேலே பூசிய கோட்டிங்கில் கீறல் உண்டா என்று பார்க்க வேண்டும். வெளிச்சம் உள்ளே வரக் கூடாது. கோட்டிங் சூப்பர்வைசர் வரலாம். குறை காட்டுகிற சாக்கில் தோளில் கை வைப்பார். அந்தக் கை தோளோடு நிற்பதில்லை.

அடுத்த மாதம் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டும். ஆகிவிட்டால், விடுதியைக் காலி செய்து ஓர் அறை பிடித்து, மாமன் வீட்டில் சோற்றுக்குப் பாத்திரம் தேய்க்கும் அம்மாவைக் கூட்டி வந்துவிடலாம். அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், முடியாமல் போய்த்தான் வந்தாள்.

குடும்பஸ்தர் முழுவதும் கேட்டார். நன்றாகக் கேட்பார், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

"தண்ணி குடிம்மா. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"இல்ல சார்."

"அதான பாத்தேன். அண்ணன் இல்லாத பொண்ணுக்கு எவனைப் பாத்தாலும் பயமாத்தான் இருக்கும்."

"எனக்கு அண்ணன் வேணாம் சார். அவர் திரைக்குள்ள வராம இருந்தாப் போதும்."

"அவன் வரலேன்னா கோட்டிங் குறையை யார் பாக்கறது? அந்த மெஷின் அவன் பேச்சை மட்டும்தான் கேக்குது. நான் சொன்னாக் கேக்குமா?"

சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு இதெல்லாம் நல்ல பழக்கம். உள்ளே வரும்போதே, "தங்கச்சி தப்பா எடுத்துக்கிச்சு போல" என்றார். அவளுக்குத்தான் வாய் வரவில்லை. ஒருவழியாக "அண்ணா" என்று சொன்ன பிறகு கண்ணாடிக் கதவு திறந்தது.

முன்பு கை மட்டும்தான். உறவு வந்ததும் உரிமையும் வந்தது. போனில் யார், விடுதிக்கு ஏன் தாமதம், வண்டியில் ஏறு, நான் விடுகிறேன். திரைக்குள் கை பழையபடியே. இப்போது அது அண்ணன் கை. மறுபடியும் போய்ச் சொன்னாள்.

"கூடப் பிறந்தவனா நினைச்சுப் பழகறவன் மேல இப்படிச் சொல்ல நாக்கு கூசலையாம்மா? நிரந்தரம் ஆகுற நேரம். குடும்பத்துக்குள்ள சண்டை வேணாம்."

சரி, குடும்பம் என்றால் குடும்பம் என்று அவள் முடிவு செய்தாள். அண்ணன் உண்டென்றால் அண்ணி இல்லாமல் போவாளா? இந்த யோசனை தனக்குத்தான் முதலில் தோன்றியது என்ற தைரியத்தில், விடுமுறை நாளில் சூப்பர்வைசர் வீட்டு மாடி ஏறினாள். அவர் மனைவி கொடியில் போர்வை காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் கம்பெனில இருந்து வர்றேன்."

"இன்னொரு நாத்தனாரா?" திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "உள்ள வந்து உக்காரு. போன தடவை வந்தவ அந்த நாற்காலிலதான் உக்காந்து அழுதா."

அவள் அழவில்லை. நடந்ததைச் சொன்னாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாருல்ல அண்ணி?"

அந்தப் பெண்மணி வலது கையை நீட்டி மடக்கிக் காட்டினாள். நான்கு விரல் மடங்கியது. சுண்டுவிரல் நிமிர்ந்தே நின்றது.

"போன தடவை சொன்னேன். அதுக்குக் கிடைச்சதுதான் இது. நீ வந்ததை நான் சொல்ல மாட்டேன். கீழ் வீட்டுக்காரி சொல்லிடுவா. அதுக்குள்ள போயிடு."

கீழ் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். மறுநாள் சூப்பர்வைசர் புகார் கொடுத்தார்: இந்தப் பெண் வீடு புகுந்து என் குடும்ப நிம்மதியைக் கெடுக்கிறாள். கம்பெனியில் அன்றுதான் புகார்க் குழு கூடியது. பெண்களின் புகாருக்குக் கிடைக்காத மேஜை, மின்விசிறி, எழுதிக்கொள்ள ஆள், எல்லாம் ஆணின் புகாருக்கு வந்து சேர்ந்தன.

"அவர் வீட்டுக்குப் போனியா, இல்லையா?" என்று கேட்டார் கணக்குப் பிரிவு அம்மா.

"போனேன் மேடம். ஆனா எதுக்குன்னா..."

"போனேன்னு எழுதிக்கோங்க."

சாப்பாட்டு மணிக்கு முன்பே எல்லாரும் கையெழுத்துப் போட்டு அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். குடும்பஸ்தர் கேட் வரை கூடவே வந்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதம்மா. என்னை அப்பா மாதிரி நினைச்சுக்கோ."

"வேணாம் சார். இருக்கற சொந்தமே தாங்கல."

விடுதியில் பெட்டியை எடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனாள். "ஆத்தாளைக் கூட்டிட்டுப் போக வருவான்னு பாத்தா, மகளும் வந்து உக்காந்துட்டா" என்றாள் மாமன் மனைவி. பாத்திரங்கள் அவளுக்கும் கொஞ்சம் ஒதுக்கப்பட்டன.

குடும்பஸ்தர் அனுபவத்தில் பாடம் படிக்காதவர் அல்ல. புகார் வரும்வரை காத்திருப்பது நிர்வாகத்துக்கு அழகில்லை என்று அவருக்குப் பட்டது. அந்த இடத்துக்குச் சேர்ந்த புதுப் பெண்ணைத் தாமே அழைத்துப் போய், விளக்கைக் காட்டினார், திரையைக் காட்டினார், சூப்பர்வைசரையும் காட்டினார்.

"இவர் உனக்கு அண்ணன். எது வேணும்னாலும் இவர்கிட்டயே கேளு. வீட்டுக்கு மட்டும் போயிடாத."

"ஏன் சார்?"

"அண்ணிக்கு உடம்பு சரியில்ல" என்றார் குடும்பஸ்தர்.