சோயாங் அணையில் கொடிகள்

1. சம்மதம்

நான் முதன்முதலாக ஒரு சுற்றுலாக் குழுவைக் கூட்டிக்கொண்டு போனது தென்கொரியாவுக்கு. அதுவரை ஒஸ்லோ அலுவலகத்தில் எனக்கு மேசை வேலைதான். வழக்கமாகப் போகிறவருக்குக் கால் முறிந்ததால் மேலாளர் என்னைக் கேட்டார். மறுக்க எனக்கு வராது. மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் கணவரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். சியோலில் இறங்கியதும் தொலைபேசி அட்டை வாங்கி வீட்டுக்கு எடுத்தேன்.

"பால் குடிச்சவளோ? காய்ச்சல் ஒண்டும் இல்லைத்தானே?"

"குடிச்சவள். காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. நீர் இனிக் கேட்டே வரப்பண்ணிப் போடுவீர். வையும் போனை."

குழுவில் மாரித் ஒருத்தியைத் தவிர எல்லோரும் ஓய்வுபெற்ற நோர்வேஜியர்கள். மாரித் கொரியாவில் பிறந்து, கைக்குழந்தையாக நோர்வேக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவள். முகம் கொரிய முகம். பேச்சு நோர்வேயின் பேர்கன் நகரத்துப் பேச்சு. பெற்ற தாயை அண்மையில்தான் கண்டுபிடித்திருந்தாள். தாய் சுன்சொன் நகரில் இருந்தார். இப்படி ஒரு மகள் இருப்பது அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது. அதனால் ஊருக்கு வெளியே, சோயாங் அணையின் படகுத்துறைக்கு வருவதாக எங்கள் கொரிய வழிகாட்டி மிஸ் ஹானிடம் சொல்லியிருந்தார். ஒரே ஒரு முறைதான் வருவாராம்.

2. காலைச் சாப்பாடு

சுன்சொன் அழகான ஊர். சுற்றிவர மலை, நடுவில் ஏரிகள். காலையில் ஏரியிலிருந்து மூடுபனி எழும்பித் தெருக்களுக்குள் வரும். பகலில் இரும்புத் தட்டில் உறைப்புக் கோழி வதங்கும் மணம். குழு படமாக எடுத்துத் தள்ளியது. எதற்கெடுத்தாலும் பயந்துகொண்டிருந்த நான் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

சந்திப்பு நாள் காலை, சாப்பாட்டு மேசையில் மாரித் பைக்குள்ளிருந்து சின்ன நோர்வேக் கொடிகளை எடுத்தாள்.

"என்னைத் தத்தெடுத்த அம்மாவும் அப்பாவும் விமான நிலையத்திலை கொடியோடைதான் நிண்டவை. படம் இருக்கு. பெத்த அம்மாவையும் நான் அப்பிடித்தான் வரவேற்பன்."

நோர்வேயில் அன்பானவர் யார் வந்து இறங்கினாலும் கொடி பிடிப்பார்கள். குழுவும் ஆளுக்கொன்று கேட்டு வாங்கியது.

"மாரித், அவ ஒருத்தருக்கும் தெரியாமல் வாறா. கொடியும் வேண்டாம், ஆக்களும் வேண்டாமே?"

"சுமதி, நீ நேற்று பஸ் பிரேக்குக்கும் பயந்தனி, சூப்புக்கும் பயந்தனி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பயங்களில் எது வீண், எது புத்தி என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில்லை.

3. படகுத்துறை

மலையெல்லாம் சிவந்திருந்த இலையுதிர்காலம். ஊர்க்காரர்கள் நின்று கொடிகளை வேடிக்கை பார்த்தார்கள். சிலர் படமும் எடுத்தார்கள்.

சரிவில் பச்சைக் கோட்டுப் போட்ட ஓர் அம்மா இறங்கி வந்தார். வலது பாதத்தைச் சற்று வெளியே திருப்பி வைக்கும் நடை. மாரித்தின் நடை. அவர் நின்றார். கொடிகளைப் பார்த்தார், கமராக்களைப் பார்த்தார். மாரித்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு மலையேற வந்தவர்களோடு கலந்து, எங்களைக் கடந்து, ஏரியின் அக்கரைக் கோயிலுக்குப் போகும் படகில் ஏறினார்.

மாரித் இன்னும் சரிவைப் பார்த்துக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாய் எடுத்தேன். கூப்பிட்டால் அத்தனை பேருக்கும் முன்னால் அவரைக் காட்டிக்கொடுத்ததாகும். படகு போய்விட்டது.

பின்னேரம் மிஸ் ஹானுக்கு அந்தத் தாயிடமிருந்து அழைப்பு வந்தது. "வந்தவவாம். பார்த்திட்டாவாம். இனி வரமாட்டாவாம்."

பஸ்ஸில் மாரித் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நீ கண்டனியோ?"

"ஓம். பச்சைக் கோட்டு. உன்ரை நடை."

"வடிவோ?"

"வடிவு."

அவள் கொடிகளை ஒவ்வொன்றாகத் தடியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

4. திரும்பியது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவர் மறைவாக வருகிறார் என்றால், குழுவை அன்று வேறெங்காவது கொண்டுபோங்கள். சிரித்தால், சிரித்து முடிய இன்னொருமுறை சொல்லுங்கள். நான் இன்னொருமுறை சொல்லியிருந்தால் மாரித் கேட்டிருப்பாளா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஒஸ்லோ விமான நிலையத்தில் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் கையிலும் ஒரு சின்னக் கொடி. என்னைக் கண்டதும் யாரோ என்பதுபோல் பார்த்து, முகத்தைத் தகப்பனின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறும், கிட்ட வராதையும். தானாய் வருவாள்" என்றார்.

தள்ளி நின்றேன். சுற்றிவர நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.