பூனையின் வேகம்

வாலுவின் பூனை வீட்டுக் கணினியில் அழகாகத்தான் நடக்கும். மொட்டை மாடிகளுக்கு நடுவே கட்டிய துணிக்கொடிமேல் ஒய்யாரமாக வரும். தொங்கும் ஈரப் போர்வைகளைத் தாண்டும், எதிரே புறா வந்தால் குனிந்து வழிவிடும். பதினாறு வயது வாலு எட்டு மாதமாக எழுதிய விளையாட்டு அது. வாலு என்பது அக்கா வைத்த பட்டப்பெயர். அதற்கான காரணத்தை அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

கணினி, அப்பாவின் அலுவலகத்தில் கழித்துப்போட்டது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, தலை துவட்டிக்கொண்டு வந்தால் திரை அப்போதுதான் கண் விழித்திருக்கும். சாப்பாட்டு மேசையில் பாதியை அது பிடித்துக்கொண்டதால் நான்கு பேரும் முழங்கையால் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அம்மா கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னாள். கணினி விளையாட்டு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆறு வார விடுமுறைப் பயிற்சியில் இடம் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் கணினி பரண்மேல் ஏறும், வாலு பெரியப்பாவின் அச்சகத்தில் தாள் அடுக்கப் போவாள்.

இடம் நான்கு. தேர்வு நாளில் செய்ததைக் காட்ட வந்திருந்தவர்கள் பதினோரு பேர். வாலுவின் முறை பத்தாவது.

மூன்றாம் மாடியில் காத்திருக்கும் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர் கேன், மூலையில் சும்மா போட்டுப் பார்க்க ஒரு கணினி. துணைக்கு வந்த அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து நேரே வந்தவள், சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். வாலு அவளைத் தட்டி எழுப்பி, பென் டிரைவைச் செருகி, "இங்க எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாரு" என்று வலப்பக்க அம்பை அழுத்தினாள்.

"பூனை எங்கடி?"

"போயிடுச்சு."

"எங்க?"

"அந்தக் கோடிக்கு."

கண் இமைப்பதற்குள் பூனை திரையைக் கடந்து சுவரில் முட்டி நின்றது. திரையில் ஒவ்வொரு புதுப் படம் வரும்போதும் பூனை நான்கு புள்ளி நகர வேண்டும் என்றுதான் வாலு எழுதியிருந்தாள். வீட்டுக் கணினி மூச்சு வாங்கிக்கொண்டு நொடிக்குப் பதினைந்து படம் போடும். இது நூற்றைம்பது போடுகிறது. வேறு கணினியில் ஓட்டிப் பார்த்ததே இல்லை. பூனைக்கு இப்படி ஒரு வேகம் இருப்பது எட்டு மாதமாக அவளுக்கே தெரியாது.

அந்த நான்கைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாள். பூனை நடந்தது. "அவ்வளவுதான்" என்று மூச்சு விடும்போது, பெயர் கூப்பிடுகிற ஆள் எட்டிப் பார்த்தார்.

"இதுல ஓட்டிப் பார்த்து என்ன பிரயோஜனம்மா? இது பழசு. உள்ள இருக்கிறது போன வாரம் வாங்கினது."

வாலு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏன் மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்றாள் அக்கா.

"வீட்ல பதினஞ்சு படம் வந்தா ஒரு செகண்ட் ஆச்சுன்னு அர்த்தம். இங்க பதினஞ்சு வந்தும் ஆகல. உள்ள எத்தனைன்னே தெரியாது."

"படத்தை எண்ணியா நேரம் பார்க்கிற? ஒரு பேஷன்ட்டுக்கு நாடி எழுபது, இன்னொருத்தருக்கு நூத்திப்பத்து. நான் வாட்சைப் பார்த்துத்தான்டி எண்ணுவேன். எழுபது துடிச்சிடுச்சு, அதனால ஒரு நிமிஷம் ஆச்சுன்னு எழுதினா என்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

வாலு அக்காவை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

கணினிக்குள்ளும் கடிகாரம் ஓடுகிறது. போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று அதைக் கேட்டால் போதும். நொடிக்கு அறுபது புள்ளி என்று வைத்துக்கொண்டு, அந்த நேரத்தால் பெருக்கினால் எந்தக் கணினியிலும் பூனை ஒரே நடைதான் நடக்கும். நடையை மாற்றினாள். தாவலை மாற்றினாள், காற்றில் ஆடும் போர்வையை மாற்றினாள். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே கிராப்பு வெட்டிய ஒரு பெண்மணி தானே விளையாட உட்கார்ந்தார். பூனை நிதானமாகக் கொடிமேல் வந்தது. வாலுவுக்கு உயிர் வந்தது. அப்போது புறா வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. சர்ரென்று ஒரு சாம்பல் கோடு, பூனை கீழே கிடந்தது.

மூன்று முறை விளையாடினார். மூன்று முறையும் விழுந்தது.

"இந்தப் புறாவுக்கு அப்படி என்ன அவசரம்?"

"அதை மட்டும் மாத்த மறந்துட்டேன் மேடம்."

"அப்போ மத்ததெல்லாம் எப்ப மாத்தின?"

"இப்ப. வெளிய உட்கார்ந்து."

அவர் எழுந்து நாற்காலியைத் தள்ளினார். "என் எதிர்ல மாத்து. ஏன் மாத்தறேன்னு சொல்லிக்கிட்டே மாத்து."

இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தாள். வாய் மட்டும் தடுமாறவில்லை. படம், நொடி, கடிகாரம் என்று நாடிக் கணக்கு வரைக்கும் சொல்லி முடித்தாள். மாற்றியது இரண்டே வரி. புறா சோம்பலாகச் சிறகடித்து வந்தது, பூனை குனிந்தது.

அவர் மறுபடி விளையாட ஆரம்பித்தார். பதினோராவது ஆள் கதவைத் தட்டும்வரை நிறுத்தவில்லை.

"காலையிலேருந்து இதே தப்போட நீ மூணாவது ஆள்" என்றார், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "மத்த ரெண்டு பேரும் வீட்ல நல்லா ஓடிச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடு."

வாலு தலையாட்டினாள்.

"இருந்தாலும் ரெண்டாவது போர்வை ரொம்ப உயரம். தாண்டவே முடியல."

"முடியும் மேடம்" என்றாள் வாலு. "ஓடி வந்து தாவணும்."