யெராபி மைதானத்துச் சங்கு

லோர்னா பெங்கெல்லி திறமையான நேரக்காப்பாளர் என்று யெராபியில் யாரும் சொன்னதில்லை. இதுவரை தப்பு எதுவும் செய்யவில்லை என்பார்கள்; அந்தக் கோதுமை ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. வாரநாட்களில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். குளிர்காலச் சனிக்கிழமைகளில், மைதானத்துத் தகரக் கூண்டில் உட்கார்ந்து, ஆஸ்திரேலியக் கால்பந்தின் ஒவ்வொரு பகுதி முடியும்போதும் பொத்தானை அழுத்தி மின்சாரச் சங்கு ஊதுவார். பக்கத்து நாற்காலி எதிரணியின் நேரக்காப்பாளருக்கு. சந்தேகத்தில் பிறந்த ஏற்பாடு அது. ஆனால் தொடர்ந்து பக்கத்தில் உட்காருகிறவர்களால் சந்தேகத்தை அதிக நாள் காப்பாற்ற முடிவதில்லை. பிளாஸ்க் டீ கைமாறத் தொடங்கிவிடும்.

அந்த ஆண்டு யெராபி ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. கடைசி ஆட்டம் பக்கத்து ஊரான கூல்டனோடு. இதிலும் தோற்றால் பையன்களில் பாதிப் பேர் அடுத்த ஆண்டு கூல்டன் அணிக்கே போய்விடுவார்கள். ஊருக்கு அணியே மிஞ்சாது.

"டீ உப்புக் கரிக்குதே, அழுதுக்கிட்டே போட்டியா?" என்றார் கூல்டனின் நேரக்காப்பாளர் கிளெம் ஷூஸ்டர்.

"குடிச்சிட்டு வாய மூடு, கிளெம். ஆட்டம் இன்னும் முடியல."

முடியும் தறுவாயில் யெராபி ஒரு கோல் போட்டது. கோலுக்கு ஆறு புள்ளி; இப்போது யெராபிக்கு இரண்டு புள்ளி முன்னிலை. மைதானத்தைப் பார்த்தபடி வேலியோரம் நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. கோலுக்கு ஹாரன் அடிப்பது வழக்கம்தான். அடித்துவிட்டு நிறுத்துவார்கள். அன்று ஒருவரும் நிறுத்தவில்லை.

நேரம் முடிந்தது. லோர்னா பொத்தானை அழுத்தினார். சங்குச் சத்தம் கூண்டில் இருந்த இருவருக்கு மட்டும் கேட்டது.

கடிகாரம் நின்றால் ஆட்டம் நிற்காது. சங்கு நடுவரின் காதில் விழ வேண்டும் என்பது விதி. யாராவது கேட்டால்தான் காலம் முடிகிறது என்பதை, விதி எழுதியவர் யோசித்திருப்பாரா தெரியவில்லை. கூல்டன்காரர்கள் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அடிக்கிறது உங்க ஆளுங்கதானே?" கிளெம் சிரித்தார். "சந்தோஷத்த கெடுக்காத, விடு."

லோர்னா பொத்தானிலிருந்து கையை எடுக்காமல் ஜன்னலுக்கு வெளியே எக்கினார். நேர் கீழே கணவர் ராஸின் வண்டி.

"ராஸ்! சங்கு ஊதுது, நிறுத்து!"

ராஸ் உற்சாகமாகக் கையாட்டிவிட்டு இன்னும் பலமாக அழுத்தினார்.

லோர்னா மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினார்: "பின் சீட்டு! கைய மடியில வை! இல்லேன்னா இங்கேயே இறக்கி விட்டுடுவேன்!"

பக்கத்துக் கார்களில் இருந்தவர்கள் எல்லாம் அவர் பேருந்தில் பள்ளிக்குப் போனவர்கள். தாடி வளர்ந்த விவசாயிகளின் கைகள் தாமாக மடிக்கு இறங்கின. அவர்கள் நிறுத்தியதைப் பார்த்து அடுத்த கார்களும் அடங்கின. சங்கு கேட்டது. நடுவர் கைகளை உயர்த்தினார். ஆனால் அதற்குள் கூல்டன்காரன் பந்தை உதைத்துவிட்டான். காற்றில் இருக்கும் பந்து கணக்கில் சேரும். அது கோல் கம்பத்தில் மோதியது. கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளிதான்.

யெராபி ஒரு புள்ளியில் ஜெயித்தது.

"அடுத்த வருஷம் பெரிய சங்கா வாங்கு," என்று கிளெம் கை கொடுத்தார்.

உடைமாற்றும் அறையில் பையன்கள் தோளில் கைபோட்டு வட்டமாக நின்றார்கள். ஜெயித்தால் மட்டுமே பாடும் அணிப்பாட்டு. முதல் வரி முழங்கியது. இரண்டாவதில் எல்லாரும் முணுமுணுத்தார்கள்.

"லோர்னா, அடுத்த வரி என்ன?" தலைவன் கத்தினான்.

"அதுகூடத் தெரியாமலா ஆடுற?"

"ஜெயிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

லோர்னா ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தார். ராகம் அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.