முப்பத்தொன்பது பிரார்த்தனை, மூன்று நாற்காலி

கரண்ட் ரீடிங் எடுப்பவரின் மகளுக்கு வீட்டில் ‘வாயாடி’ என்று பெயர். சமயப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து அரசியல் அறிவியல் எடுத்த பிறகு, அதே வாய்க்கு மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். “இத்தனை நாள் வீட்ல சும்மா போட்ட சண்டைய இப்ப ஃபீஸ் கட்டிப் போடுறா” என்பார் அம்மா.

கடைசித் தேர்வுக்கு முந்தைய நாள் அவளுடைய ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வருடத்துக்கு நாற்பது பிரார்த்தனைக் கூட்டங்களுக்கு வர வேண்டும். பதிவேட்டில் இருந்தது முப்பத்தொன்பது. நாற்பதாவதுக்கும் வந்தவள்தான். வருகை போட வந்தவர்களால் கூடம் பிதுங்கி வழிந்ததால், வெளிப்படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பதிவேடு உள்ளேயே ஒரு சுற்று சுற்றிப் போய்விட்டது.

துறைத் தலைவரான பாதரைப் பார்க்கப் போனாள். அறையில் மூன்று நாற்காலிகள்.

“விதின்னா விதிதாம்மா. வேணும்னா ஒழுங்குக் குழுத் தலைவர்கிட்ட முறையிடு.”

“அவரு எங்க இருப்பாரு பாதர்?”

பாதர் எழுந்து ஜன்னலோர நாற்காலியில் போய் அமர்ந்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டார். “வாம்மா, உட்காரு. என்ன பிரச்சனை?”

முதலிலிருந்து சொன்னாள். இவர் அவ்வளவு மோசமில்லை. நடுவில் இரண்டு ‘அடடா’ கூடப் போட்டார்.

“துறைத் தலைவர் உன்னை விசாரிக்கவே இல்லையா?”

“இல்ல பாதர்.”

“அந்த ஆளு எப்பவும் இப்படித்தான். ஆனா விதியில கை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. அது விதிக்குழு வேலை.”

கதவோர நாற்காலிக்கு மாறினார். விதிக்குழுவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“விதியில ஒரு குறையும் இல்ல. விலக்கு குடுக்கறது துறைத் தலைவர் பொறுப்பு. சீட்ல இருக்காரா பாரு.”

திரும்பிப் பார்த்தாள். “இல்ல பாதர்.”

“அப்ப நாளைக்கு வா.”

நாளைக்குத்தான் தேர்வே. அதிகாரம் ஆளிடம் இல்லை, பதவியில்தான் இருக்கிறது என்று ஒரு பருவம் முழுக்கத் தொண்டை வற்றப் பாடம் நடத்தியவர் இதே பாதர்தான். அவள் விறுவிறுவென்று போய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

விதிக்குழு சட்டென்று நிமிர்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டது.

“சார், இந்தப் பொண்ணு விஷயத்துல என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?”

“தீர விசாரிச்சேன் பாதர். நல்ல பொண்ணு.”

“அப்ப முத்திரை வச்சிடுங்க.”

மேசையில் கிடந்த தன் ஹால் டிக்கெட்டில் வைத்தாள். அதை மடித்துப் பைக்குள் போடும்போது வகுப்புத் தோழி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

“ஏய், இங்கயா இருக்க! எனக்கு ரெண்டு பிரார்த்தனை குறையுதுடி, பாதர்கிட்ட கொஞ்சம் சொல்லேன்.”

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“எழுத்து மூலமா குடும்மா. பார்க்கலாம்.”