மயிலைக்குத் தைத்த போர்வை

கருவேலம் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து, அது ஒரு கொதி வந்ததும் விளக்குக் கரியைத் தூவிக் கிளறினால் புளிப்பும் புகையுமாக ஒரு வாசனை எழும். அந்த வாசனைதான் எனக்குப் பதின்மூன்று வயதில் வந்த தை மாதம். எருத்தேன்பதியில் அந்த மாதம் "கீகாத்து" அடிக்கும். கிழக்கிலிருந்து கணவாய் வழியாகப் பாய்கிற அந்தக் காற்று மண்ணை வாரிச் சோற்றில் போடும், உதட்டைப் பிளக்கும், ஆனாலும் பூசின வர்ணத்தைப் பூசின கையோடு காயவைத்துவிடும் என்பதால் ஊரில் அதைத் திட்டாதவள் நான் ஒருத்திதான்.

நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் அல்ல. எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பது வயதுக்கு மேல், சந்தையில் ஒருவன் எனக்கு வந்த சீட்டைத் தப்பாகப் படித்துக் காட்டிய பிறகு. இன்று இந்தப் பக்கத்தில் கடலை ஆட்ட எஞ்சின் வைத்திருக்கும் பெண்பிள்ளை நான் ஒருத்தி; அதை எனக்கு அண்ணனோ தம்பியோ தூக்கிக் கொடுக்கவில்லை. ஆனால் எஞ்சினைப் பார்த்து வாய் பிளக்கிற யாருக்கும், ஒரு காலத்தில் படம் போடுவதிலும் வர்ணம் தீட்டுவதிலும் ஒட்டுப் போர்வை தைப்பதிலும் எனக்கு ஈடாக ஒருத்தி எட்டு ஊரில் இல்லை என்பது தெரியாது.

மூன்றும் தனித்தனியாகச் சுகம், சேர்ந்தால் சண்டை. ஊசி பிடித்த விரல் இறுகிப்போகும், அதில் படம் போடுகிற பருத்திமார்க் கரியைக் கொடுத்தால் கோடு நடுங்கும்; வர்ணம் குழைத்த விரலோ தோல் ஊறிக் கிடக்கும், அப்போது ஊசியைத் தொட்டால் சேலைக்குள் போவதற்குப் பதில் சதைக்குள் போகும். யாரும் சொல்லித் தராமலே இதற்கு நான் ஒரு வழி கண்டேன். விடிந்ததும், கை இளகி இருக்கும்போது, சாணி மெழுகின சுவரில் கரி. வெயில் ஏறிக் காற்று காய்ந்ததும் காவியும் அவுரி நீலமும். பிற்பகலில், விரல் உலர்ந்து சொரசொரத்த பிறகு, பழஞ்சேலைகளை அடுக்கடுக்காக வைத்து ஊசி. இதற்கு நடுவில் களி கிண்ட வேண்டும், கிணற்றில் இறைக்க வேண்டும், மாட்டுக்குத் தவிடு கலக்க வேண்டும். ஆத்தாள் போய்விட்ட வீட்டில் இதெல்லாம் என் தலையில்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அதாவது அய்யனுடைய அண்ணன் பெண்சாதி, சுவர் ஓரமாக வந்து நின்று எனக்குக் கேட்கும்படி அய்யனிடம் சொல்வாள்: "ஏனுங்க கொழுந்தனாரே, உங்க புள்ள ஒரு கையில கரி வெச்சிருக்கறா, ஒரு கையில ஊசி வெச்சிருக்கறா. களிய எந்தக் கையில கிண்டறாளாமா? ஒண்ண உட்டுப்போட்டு ஒண்ணப் புடிக்கச் சொல்லுங்க." அய்யன் கலப்பையைத் துடைத்தபடியே, "மூணும் நல்லாத்தானுங்க இருக்குது" என்பார். அவ்வளவுதான் பேசுவார்.

ஆத்தாள் போனதற்கு ஊரார் சொன்ன காரணம் எங்கள் மயிலைக்காளை. சாம்பலும் கறுப்புமாகத் திமில் நிமிர்ந்து நிற்கும் அதை அய்யன் சந்தையில் வாங்கி வந்த மூன்றாம் மாதம் ஆத்தாள் பிரசவத்தில் போனாள், குழந்தையும் தங்கவில்லை. இழவுக்கு வந்த ஒருவர்தான் தொழுவத்தில் நின்று பார்த்து, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு மயிர்ச்சுழி இருப்பதைக் காட்டினார். அதற்குப் "பாடைச் சுழி" என்று பெயர். அப்படிப்பட்ட மாடு போய்ச் சேர்கிற வீட்டில் பாடை கட்டுவார்கள் என்பது மாட்டுக்காரர்கள் கணக்கு. விற்றவன் சந்தையில் தூறலைச் சாக்காகச் சொல்லி அதன் முதுகில் ஒரு சாக்கைப் போர்த்தி நிறுத்தியிருந்தான். அய்யன் அந்தக் கணக்கை நம்பவில்லை. ஆனால் நம்புகிறவன் தலையில் அதைக் கட்டவும் அவருக்கு மனசில்லை. மயிலை எங்களோடே உழுதது.

அந்தத் தையில்தான் எலப்புள்ளியிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை முகம் எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது அவர்கள் வீட்டுச் சுவர். ஒருமுறை திருவிழாவுக்குப் போகிற வழியில் பார்த்திருந்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு வண்டி நீளத்துக்கும் மேல், வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. சாணிச் சுவரில் கரி மங்கித்தான் தெரியும். அந்த வெள்ளையில் ஒரு கோடு இழுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து நான் அந்த வீட்டுக்கு மனசளவில் குடியேறிவிட்டேன். இருந்த இடத்தில் இருந்தால் களியும் தவிடும்தான், அங்கே போனால் எனக்கு ஒரு சுவர் உண்டு. என் எண்ணம் அவ்வளவே.

அவர்கள் சீர்வரிசையாகக் கேட்டது மயிலையை. சித்தூர்ச் சந்தைக்கு அது வண்டி இழுத்துப் போனதைப் பார்த்திருந்தார்களாம். "பொண்ணோட அந்த மயிலையும் வரட்டுமுங்க" என்று மாப்பிள்ளையின் பெரியப்பன் சொல்லியனுப்பினார். கொடுக்க முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள்; சுழி தெரிந்தால் பெண்ணும் வேண்டாம் என்பார்கள். அய்யன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கண்ணு, பனி அதிகமா இருக்குது. மயிலைக்கு ஒரு போர்வ தெச்சுப் போடேன்."

பனிக்கு எந்த மாட்டுக்கும் எங்கள் ஊரில் போர்வை தைத்தது கிடையாது. எனக்குப் புரிந்தது. அவருக்கும் எனக்குப் புரிந்தது தெரியும்.

என் வாழ்க்கையில் அப்படியொரு வேலையை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் இல்லை. ஆத்தாளுடைய சேலைகளை நான்கு மடிப்பாக அடுக்கி, மயிலையின் முதுகிலேயே விரித்து, அளவு தப்பாமல் இருக்க ஒரு பக்கமாகத் தூக்கித் தூக்கிப் பார்த்து, மயிர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கரியால் மெல்லிய கோடுகள் இழுத்தேன். அந்தக் கோடுகளின் மேல் விளக்குக் கரியையும் சாம்பலையும் பிசினில் குழைத்து, திமிலில் கறுப்பு, விலாவில் வெளுப்பு என்று மயிலை நிறத்தையே தீட்டினேன். காய்ந்ததும் கோட்டின் மேலேயே பொடித் தையல். படமும் வர்ணமும் ஊசியும் ஒன்றையொன்று முட்டாமல் ஒரே துணியில் வந்து உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். போர்த்தி நிறுத்தினால் பத்தடி தள்ளி நிற்பவனுக்குப் போர்த்தியிருப்பதே தெரியாது. பெரியம்மாகூட வந்து பார்த்துவிட்டு, "களி கருகுனாலும் பரவால்லைடி" என்றாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பன் வந்தார். மாட்டு ஞானத்தில் பேர்போன மனிதர், நீளக் கை. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே தொழுவத்துக்குப் போனார். "பனிங்க, அதான் போத்தியிருக்குது" என்றார் அய்யன்.

அவர் போர்வையைத் தூக்கவில்லை. வேலையைப் பார்த்துச் சிரித்தார். "மாட்ட உட்டுப்போட்டுப் போர்வையவே வாங்கிக்கலாமாட்ட இருக்குதுங்க" என்று சொல்லி, மாட்டைத் தடவுவதுபோலத் திமிலிலிருந்து பின்னால் தடவிக்கொண்டே போனார். தையல் போன வாக்கில் அவர் உள்ளங்கை போனது. பாதி முதுகில் கை நின்றது. தையல் சுழித்த வாக்கிலேயே விரல்கள் ஒரு வட்டம் சுற்றின. பிறகு மாட்டைச் சுற்றி மறுபக்கம் வந்து அதே இடத்தில் கை வைத்தார். அங்கேயும் விரல்கள் வட்டம் சுற்றின.

கதவோரம் நின்ற என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, இத நீயா தெச்சே?"

"ஆமாங்க."

"சும்மா மனசுக்குத் தோணுனபடிக்கா, இல்ல மாட்டப் பாத்துத் தெச்சதா?"

அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. என் வேலையை ஒரு பெரிய மனிதர் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறாரே என்ற நினைப்பு மட்டும்தான். "முடிக்கு முடி பாத்துத் தெச்சதுங்க. எங்கயும் மாறலீங்க" என்றேன்.

அவர் போர்வையின் ஒரு ஓரத்தை விலக்கிப் பார்த்தார். திரும்ப அதை ஒழுங்காக இழுத்துவிட்டார். "அப்பச் செரிங்க" என்றார் அய்யனிடம். "ஊட்டுல பேசிப்போட்டுச் சொல்லி அனுப்பறமுங்க." வைத்த மோரைத் தொடவில்லை.

அவர்கள் சொல்லியனுப்பவில்லை. ஊரில்தான் சொன்னார்கள்: சுழியை மறைத்துப் பெண்ணையும் மாட்டையும் தள்ளப் பார்த்த வீடு என்று. தான் ஏமாந்த விதத்திலேயே ஏமாற்றப் பார்த்தவர் என்று அய்யனுக்குப் பேர் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு யாரும் பெண் கேட்டு வரவில்லை. வெள்ளைச் சுவரையும் நான் மறுபடி பார்க்கவில்லை. மாசி பிறந்ததும் மேற்கே ஓட்டிப்போகிற வியாபாரி ஒருவன் மயிலையைக் கேட்டான். ஓட்டிப்போவது உழவுக்கு இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அய்யன் போர்வையோடே பிடித்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் காலியாகக் கிடந்த தொழுவத்தைக் கூட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் மாத்தித் தெச்சிருக்கலாமல்ல கண்ணு?" திட்டுகிற குரல் இல்லை, சும்மா கேட்கிற குரல்.

"மாத்தோணும்னு தோணலீங்க அய்யா" என்றேன்.

அவர் சாகிற வரைக்கும் சொந்த மாடு வாங்கவில்லை; உழவுக்கு இரவல் மாடுதான்.

மோட்டார் பஸ் வீட்டு வாசலில் நின்று போகிற இந்த நாளில் மாட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். எலப்புள்ளி மாப்பிள்ளை வேறு இடத்தில் கட்டினான். அந்தப் பெண்ணும் தலைப்பிரசவத்தில் போனாள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் மாடு அங்கே போகாமலே பாடை கட்டிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் இனிமேல் திரும்பாது என்று மட்டும் தெரிந்தது.

ஊசியைத்தான் முதலில் விட்டேன். பிறகு வர்ணம். கரி கொஞ்ச காலம் இருந்தது. நான் கடலை வியாபாரத்தில் கால் வைத்த வருஷம் அதுவும் போயிற்று, எந்த நாளில் போனது என்றுகூட நான் கவனிக்கவில்லை. இப்போது ஒரு கடலைப் பருப்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால், எண்ணெய் எவ்வளவு கட்டும் என்று எஞ்சினில் போடுமுன்பே சொல்லிவிடுவேன். ஒருநாளும் தப்பியதில்லை. "அம்மாவுக்கு அது பிறவியிலேயே வந்த கைங்க" என்று ஆட்கள் சொல்வார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்க்கச் சொல்வேன்.