நன்னடத்தைக்கு ஒரு பதக்கம்

என் தாய்மாமா இருபத்தோரு ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்தார். காட்டில் கண்ணிவெடியை மிதித்த ஒருவனைத் தோளில் சுமந்து ஆற்றங்கரை வரை கொண்டுவந்தவர். அதற்குப் பதக்கம் ஏதும் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் கேட்டது, நீண்ட காலம் ஒழுங்காகப் பணியாற்றியவர்களுக்குத் தரும் நன்னடத்தைப் பதக்கம்.

அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம். நாடாவின் நிறத்தை மாற்றினோம், பதக்கத்தில் இருந்த முகத்தை மாற்றினோம், நிபந்தனையை மட்டும் தொடவில்லை. பணிப்பதிவில் ஒரு தண்டனையும் இருக்கக்கூடாது. வீரம் தேவையில்லை; மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும். மாமாவோடு பட்டாளத்தில் சேர்ந்த ரெம்பாவ் ஊர்க்காரர் ஒருவர் கடைசிவரை ஸ்டோரில் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்தது.

மாமாவின் பதிவில் ஒரு தண்டனை உண்டு. கோலா சாவா தோட்டத்தில் அவருடைய அப்பா, என் தாத்தா, இறந்தபோது ஒரு வாரம் விடுப்பு கொடுத்தார்கள். கருமாதி பதினாறாம் நாள். ஒரே மகன். மொட்டையடித்து, காரியத்தை முடித்துவிட்டுத்தான் முகாமுக்குத் திரும்பினார். ஒன்பது நாள் தாமதம்.

இந்த ஆண்டு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் முன்னாள் வீரர்களுக்கு மேடையில் மாலை போடுவதாக முடிவாயிற்று. கோயில் தலைவர் பட்டியலோடு வீட்டுக்கு வந்தார். மாமாவின் பெயர் அதில் இல்லை.

“பதக்கம் உள்ளவங்களுக்கு மட்டும்தாண்ணே. ரூல்ஸ்லா.”

“நீ எந்தச் சண்டைக்குப் போனே, எனக்கு ரூல்ஸ் சொல்ல?”

“கோயில் தலைவருண்ணே நான். தினமும் சண்டைதான்.”

மாமாவுக்கு அந்த மாலை வேண்டும். அதை அவர் மறைக்கவும் இல்லை. விசேஷத்துக்குப் போடும் கோட்டை அன்றைக்கே சலவைக்குப் போட்டுவிட்டார். பதக்கம் கேட்டுப் பட்டாளத் தலைமையகத்துக்கு மேல்முறையீட்டை நான் எழுதினேன். பதில் மிக மரியாதையான மலாய் மொழியில் வந்தது: தண்டனையை நீக்குவதுபற்றிப் பரிசீலிக்கலாம், ஆனால், தாமதமாகத் திரும்பியது தவறு, அதற்காக வருந்துகிறேன் என்று இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“அப்பனுக்குக் கருமாதி பண்ணினது தப்புன்னு எழுதணுமாடா?”

“லேட்டா வந்தது தப்புன்னுதான் மாமா.”

“ரெண்டும் ஒண்ணுதானேடா.”

“ஒண்ணுதான்.”

சமையலறையிலிருந்து அத்தை சொன்னார்: “ஒரு மாலைக்காக எங்க மாமனாரை விட்டுக்கொடுத்துடாதீங்க.”

மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். “அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். எங்கடா கையெழுத்து?”

இரண்டு இடங்களில் போட்டார். பிறகு, திருவிழாவுக்குள் பதக்கம் வந்துவிடுமா என்று கேட்டார்.