கிட்டிப்புள்ளில் தோற்ற நாள்

நிமோனியா வந்து பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து திரும்பியதும், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி என்னைக் கொழுந்து பறிக்க மலைக்கு விடவில்லை. தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டச் சொன்னார். குழந்தைகள் மேல் எனக்கென்ன கோபம்? ஆனால் தினமும் காலைப் பெரட்டில் பேர் வாசித்து, எல்லாரையும் மலைக்கும் என்னைத் தொட்டிலுக்கும் அனுப்பும்போது பற்றிக்கொண்டு வரும். நான்கு மாதம் கழித்து, நெஞ்சு சுத்தம், எந்த வேலையும் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கங்காணி அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டரு நம்ம மலையில ஏறிப் பாத்திருக்காராம்மா?" என்றார்.

முன்பு ஒருத்தி மேல் நிரையில், உச்சித் தேயிலை வரிசையில், மயங்கி உருண்டபோது, தூக்கிக்கொண்டு இறங்கியவர் அவர்தான். அந்தப் பயம் அவருக்கு. தெரிந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

எங்கள் வரிசை வீடுகள் இரண்டு லயம். மாட்டுப் பொங்கலன்று பெரட்டுக் களத்தில் மேல் லயத்துப் பெண்களுக்கும் கீழ் லயத்துப் பெண்களுக்கும் கிட்டிப்புள் போட்டி. கவ்வாத்தில் கிளை கழித்த தேயிலைக் கட்டையில் புள் சீவியிருந்தார்கள், இரும்பு தோற்கும். கங்காணிதான் நடுவர்.

தரையில் ஒரு சின்னக் குழி. அதன் குறுக்கே, இரண்டு முனையும் கூராக்கிய புள்ளை வைத்து, கிட்டி என்ற நீளக் கம்பால் நெம்பி எறிய வேண்டும். அந்தரத்தில் எதிர்க்கட்சி பிடித்துவிட்டால் ஆட்டம் போச்சு. பிடிக்காவிட்டால், கிடக்கும் புள்ளின் முனையைத் தட்டி, துள்ளி எழும்போது ஓங்கி அடிக்கலாம். கடைசியில் தோற்ற கட்சியில் ஒருத்தி, புள் போய் விழுந்த இடத்திலிருந்து குழிவரை, 'கூ' என்று இழுத்துக்கொண்டே ஒரே மூச்சில் ஓடிவர வேண்டும். சத்தம் அறுந்தால் திரும்பப் போய் முதலிலிருந்து ஓட வேண்டும்.

நான் கீழ் லயம். என் நாத்தனார் மேல் லயத்தில் வாக்கப்பட்டவள். கடைசி அடி அவளுடையது. அடித்தாள் பாருங்கள், புள் களத்தைத் தாண்டி, சரிவில் இறங்கி, பிள்ளைக் காம்பரா வாசலில் போய் விழுந்தது. நாங்கள் தோற்றோம். அங்கிருந்து குழிவரை நெட்டுக்குத்தான ஏற்றம். எங்கள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். நான் ஓடுகிறேன் என்றேன்.

நாத்தனார் கிட்டியைக் கீழே போட்டுவிட்டாள். "அண்ணி, வேணாம். ஆஸ்பத்திரிய மறந்துட்டீங்களா?"

நான் இறங்கிப் போய்ப் புள்ளைக் கையில் எடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடித்து ஓட ஆரம்பித்தேன். பாதி ஏற்றத்தில் கால் கனத்தது. சத்தம் மெலிந்து கொசு ரீங்காரம் மாதிரி ஆனது. பயந்துதான் போனேன். நெஞ்சு அடைக்கப் போகிறது என்று காத்திருந்தேன், அடைக்கவில்லை. கங்காணி குழிக்குப் பக்கத்தில் குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குழியில் புள்ளை வைத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டதில், ஜெயித்த மேல் லயத்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நாத்தனாருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். கங்காணி மட்டும், "தண்ணி குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பெரட்டில் என் பேரை வாசித்தவர், தலையை நிமிர்த்தாமலே, "கூடை எங்க?" என்றார்.

லயத்துக்கு ஓடிப் போய்க் கொழுந்துக் கூடையை எடுத்து வந்தேன். மலையில் அவர் எனக்குக் காட்டியது மேல் நிரை, இருப்பதிலேயே செங்குத்தானது. பாவி மனுசன், முதல் நாளே அதைக் கொடுத்தாரே என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே, சிரித்தபடி ஏறினேன்.